யாரும் தொடாத விஷயம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல உத்தியோகம் ஒன்றை விட்டுவிட்டு, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியே ஜீவனம் செய்வது என்று தீர்மானித்திருப்பவர். எந்தப் பத்திரிகையிலும் அவருக்குச் சம்பளம் கிடையாது. எழுதியது அச்சேறினால் பணம்; ஏறாவிட்டால் இல்லை. மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் இருப்பதாகச் சொன்னார். அவருடைய துணிச்சலை நினைத்து எனக்கு மரியாதை உண்டாயிற்று. அவர் மனைவியின் துணிச்சலை நினைத்து அதைவிட அதிக மரியாதை உண்டாயிற்று.

காப்பி சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், சினிமா, அரசியல், சமையல், ஜோசியம், உடம்பு இளைக்க வழி, இதுக்கெல்லாம் எழுதறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. நான் போய் ஆயிரத்தொண்ணாவது ஆளா நிக்க முடியாது. யாரும் தொடாத விஷயமா நாலு இருந்தாச் சொல்லுங்க. இத்தனை வருஷமா எழுதறீங்களே, உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தயாராக இருந்தது.

அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வேறு கீரைக்காரி போகாத தெருவாகப் பார்த்துத்தான் போவாள். அதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை. வயிறு உள்ளவன் சந்தையைப் பார்க்கத்தான் வேண்டும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆகையால் எனக்குத் தெரிந்த நாலைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போது ஒரு பெரியவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகம் ஞாபகம் வந்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சந்தான்.

இருபது வருஷம் இருக்கும். அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். இரண்டு சிறுகதைகள் அச்சில் வந்திருந்தன. வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையின் உதவியாசிரியர் ஒருவர், "கதை வேண்டாம், கட்டுரை கொடும். ஆனால் எல்லாரும் எழுதுகிறதை எழுதாதேயும்" என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் எழுதாதது எது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில், வாசலில் ஒரு குரல் கேட்டது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்.

கும்பகோணம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். எவர்சில்வர் வந்து அடுக்களைகளைப் பிடித்துக்கொண்ட பிறகும், அங்கே பல வீடுகளில் பித்தளை அடுக்கும் அண்டாவும் புழக்கத்தில் இருந்தன. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூசவேண்டும். அந்தப் பெரியவர் மாதத்துக்கு ஒரு முறை எங்கள் தெருவுக்கு வருவார். வேப்பமரத்தடியில் சிறு குழி தோண்டி, துருத்தியைப் பொருத்தி, கரியை மூட்டி உட்கார்ந்தாரானால் சாயங்காலம் வரையில் வேலை இருக்கும்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "என்ன தம்பி, உங்க வீட்டிலே பாத்திரம் இருக்கா?" என்று கேட்டார். "இல்லே, பெரியவரே, சும்மா பார்க்கலாம்னு" என்றேன். அந்த வார்த்தையே பொய். நான் சும்மா பார்க்கப் போகவில்லை. ஆனால் அவர் அதை நம்பினார். அன்று முழுவதும் பேசினார். அதற்கு முன் யாரும் அவரை உட்கார்ந்து கேட்டதில்லை போலிருக்கிறது.

பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும். அது உலோகத்தின் மேலுள்ள அழுக்கை அறுத்துக்கொண்டு போகிறதாம். உடனே ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுத்துக் கிடந்த அடுக்கின் உட்புறம் நிலாப் போல் ஆகிவிடும். சூடு கொஞ்சம் குறைந்தால் ஈயம் ஒட்டாது. கொஞ்சம் அதிகமானால் கருகும். அந்தச் சூட்டை அவர் எந்தக் கருவியாலும் அளக்கவில்லை. புகையின் நிறத்தைப் பார்த்தே சொன்னார்.

பிறகு மடியிலிருந்து ஓர் ஈயக் கட்டையை எடுத்து என் காதருகே கொண்டுவந்து மெதுவாக வளைத்தார். கறுக் கறுக் என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"அழுவுது பார்த்தீங்களா? சுத்த வெள்ளீயம்னா வளைச்சா அழுவும். காரீயம் கலந்தா அழுவாது. காகிதத்திலே தேய்ச்சுப் பாருங்க. காரீயம்னா பென்சில் கோடு மாதிரி கறுப்பா விழும். வெள்ளீயம் விலை ஜாஸ்தி. அதனாலே கலக்கிறவங்க கலக்கத்தான் செய்யறாங்க. பாத்திரம் பளபளன்னுதான் இருக்கும். அதிலே ரசம் வெச்சுக் குடிச்சா குழந்தைங்களுக்கு ஆகாது தம்பி."

அன்று எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். சுத்தமான வெள்ளீயத்தை வளைக்கும்போது உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று நிலை மாறுவதால் அந்தச் சத்தம் எழுகிறது. அழுகை என்ற பேரையே மேல்நாட்டு விஞ்ஞானிகளும் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் இதில் முக்கால்வாசியை எனக்குச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம், கரி அணையும் நேரத்தில், குரலைத் தாழ்த்தி இன்னொரு விஷயமும் சொன்னார். ஒரு மழைக் காலத்தில் வேலையே இல்லை. பேத்திக்கு ஜுரம். பூசுவதற்கு வாங்கி வந்திருந்த ஒரு வீட்டு அண்டாவை அடகு வைத்து மருந்து வாங்கினாராம். பத்து நாளைக்குள் மீட்டு, ஈயம் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கூலி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. "அந்த அம்மாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றார்.

நான் கட்டுரை எழுதினேன். 'மறையும் ஒரு தொழில்' என்று தலைப்பு. கிழிந்த சட்டை வந்தது. சுருங்கிய கன்னம் வந்தது. எவர்சில்வரின் மேல் ஒரு பாய்ச்சல் வந்தது. அடகு வைத்த அண்டா கடைசிப் பாராவாக வந்தது. படிக்கிறவர்கள் கண் கலங்கவேண்டும் என்று அதை அங்கே வைத்தேன். கலங்கினார்கள். நாலைந்து கடிதங்கள் வந்தன. "இதுவரை யாரும் தொடாத விஷயம்" என்று உதவியாசிரியர் பாராட்டினார். வாடகை பாக்கி தீர்ந்தது.

அடுத்த மாதம் பெரியவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அவருடைய பேரையோ தெருவின் பேரையோ போடவில்லை. ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் ஈயம் பூசுகிறவர் அவர் ஒருவர்தானே? அந்தத் தெருவில் மூன்று வீட்டு அம்மாள்கள், அடகுக்குப் போனது தங்கள் அண்டாதான் என்று தனித்தனியே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் பாத்திரம் கொடுத்தவர்கள், பூசி முடிகிற வரையில் மரத்தடியில் ஓர் ஆளைக் காவலுக்கு நிற்கவைத்தார்கள்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தப்பா ஒண்ணும் எழுதலை, தம்பி. நான் சொன்னதுதான். உங்ககிட்டே சொன்னேன்; ஊருக்குச் சொல்றோம்னு நினைச்சுக்கலை, அவ்வளவுதான்" என்றார். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "அது போகட்டும். ஈயத்தைப் பத்தி அவ்வளவு நேரம் சொன்னேனே, அதிலே ஒண்ணையும் காணோமாமே? இடம் இல்லேன்னுட்டாங்களா?"

"ஆமாம், இடம் இல்லேன்னுட்டாங்க" என்றேன்.

நான் தப்பித்துக்கொள்வதற்கான வழியையும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார். இடம் இருந்தது. நான் எழுதவில்லை. அவருடைய வறுமை எனக்கு விஷயமாகப் பட்டது. அவருடைய அறிவு படவில்லை.

அன்றிரவே உட்கார்ந்து ஈயத்தைப் பற்றி எழுதினேன். அது அழுவதையும், காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பதையும், குழந்தைகளுக்கு வரும் தீங்கையும் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கூட ஒரு வரி: "ஈயம் பூசுகிறவரைப்பற்றித்தான் போன மாதமே வந்துவிட்டதே!"

யாரும் தொடாத விஷயம் என்பது அப்படிப்பட்டது. ஒருவன் தொட்டுவிட்டால் அது தீர்ந்துபோய்விடுகிறது. அரைகுறையாகத் தொட்டாலும் தீர்ந்துதான் போகிறது. அதற்குப் பிறகு ஒழுங்காக எழுத வருகிறவனுக்கும் அங்கே இடம் இல்லை. ஆகையால் முதலில் தொடுகிறவனுக்கு, பத்தோடு பதினொன்றாக எழுதுகிறவனுக்கு இல்லாத ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. சினிமாவைப் பற்றி நான் தப்பாக எழுதினால் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஈயம் பூசுகிறவரைப்பற்றி நான் எழுதியதைத் திருத்த யார் இருந்தார்கள்?

இன்னொன்றையும் பிறகு யோசித்தேன். யாரும் தொடவில்லை என்று நாம் சொல்கிறோமே, அந்த 'யாரும்' யார்? நவச்சாரப் புகையைப் பார்த்துச் சூட்டை அறிகிற வித்தை பெரியவருக்கு அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் வீட்டில் அது ஒரு தலைமுறை பேசப்பட்ட விஷயம். பத்திரிகை வாங்குகிற வீடுகளில் மட்டுந்தான் அது பேசப்படவில்லை.

கும்பகோணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1880-ஆம் வருஷம் அந்த ஊரில்தான் உ. வே. சாமிநாதையர், புதிதாக முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அதில் மயங்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர், கல்லூரியில் தமிழாசிரியர், ஆனால் அந்த நூலை அவர் கண்ணாலும் பார்த்ததில்லை. அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது என்பது தமிழர்கள் எல்லாரும் அறிந்த கதை.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பின்னால் வருகிறது. ஏட்டில் உள்ள சமண மதச் செய்திகள் விளங்காமல் ஐயர் திண்டாடினார். கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். போன வீட்டில் கோலமும் தோரணமுமாக இருந்தது. விசேஷம் என்னவென்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்காகக் கொண்டாட்டமாம்! தமிழ் கற்றவர்கள் தொடாத நூல், அதே ஊரில் ஒரு வீட்டில் பக்தியோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஐயர் அவர்களிடம் மாணாக்கராக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. தாம் புதையல் எடுத்ததாக எண்ணிக்கொண்டு அந்த வீட்டுக்காரர்களை அவர் மறந்துவிடவில்லை. தம் சரித்திரத்தில் அவர்களை நன்றியோடு எழுதிவைத்தார்.

புதையல் எடுக்கிறவன், அது யாருடைய கொல்லை என்று கேட்பதில்லை. மாணாக்கன் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு பேரும் யாரும் தொடாத விஷயத்தைத் தேடித்தான் போகிறார்கள். போகிற விதந்தான் வேறு.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உள்ளது அல்ல. 1936-ஆம் வருஷக் கோடையில், அமெரிக்காவில் ஒரு செல்வாக்கான பத்திரிகை, ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரையும் வாக்கர் எவான்ஸ் என்ற புகைப்படக்காரரையும் அலபாமா மாகாணத்துக்கு அனுப்பியது. அங்கே வாரத்துக்குப் பருத்தி பயிரிடும் ஏழைக் குடியானவர்களைப்பற்றி எழுதவேண்டும். மூன்று குடும்பங்களோடு அவர்கள் பழகினார்கள். எழுதியதைப் பத்திரிகை வெளியிடவில்லை. ஏஜி அதைப் பெரிதாக்கி 1941-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தில் அவர், இந்த ஏழைகளின் வாழ்க்கையைக் கிளறிப்பார்க்க எனக்கு என்ன உரிமை என்று பக்கத்துக்குப் பக்கம் தம்மையே குடைந்துகொள்கிறார். குடியானவர்களுடைய பேர்களையும் மாற்றித்தான் எழுதினார். அவ்வளவு மனச்சாட்சி உள்ளவர் எழுதியும், பல வருஷங்களுக்குப் பின் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனவர்கள் அங்கே சிலரிடம் மனக்கசப்பைத்தான் கண்டார்கள். மனச்சாட்சி உறுத்துவது நல்லதுதான். உறுத்தியதனாலேயே கடன் தீர்ந்துவிடாது என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

அப்படியானால் எழுதாமலே இருந்துவிடலாமா? அதுவும் சரியில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே வேலை செய்கிற பெண்களையும் ஆண்களையும் பார்த்துப் பேசி, 1979-இல் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலை எழுதினார். அவர் போயிராவிட்டால், தினமும் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற நம்மில் எத்தனை பேர் அந்த உப்பை வாருகிற கால்களை நினைத்திருப்போம்? பெரியவருக்கும், நான் எழுதினேன் என்பதில் வருத்தம் இல்லை. சொல்லாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னதை எழுதி, உரக்கச் சொன்னதை விட்டுவிட்டேனே என்பதுதான் வருத்தம்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தில் அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார். "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா எனக்கு மாசம் நாலு கட்டுரை போகணுமே!" என்றார்.

நியாயமான பேச்சு. தர்ம விசாரத்தால் பால் கணக்கு தீராது. ஆகையால் எனக்குத் தெரிந்த வழியையும் சொன்னேன். விஷயம் தூரத்தில் இருக்கும் என்று ரயில் ஏறவேண்டியதில்லை. மா. கிருஷ்ணன் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் தாம் காலமாகிற வரையில், நாற்பத்தாறு வருஷம், நாட்டுப்புறத்து உயிர்களைப்பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். காட்டு யானையைப் பார்த்த அதே கண்ணால் வீட்டுக் கொல்லையில் வரும் காக்கையையும் அவர் பார்த்தார். விஷயம் தீர்ந்துபோயிற்று என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நம் வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடம், அவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது எது என்று கேட்டாலே போதும். கேட்டதற்குப் பின் இரண்டாவது முறையும் போகவேண்டும். முதல் முறை நமக்கு வேண்டியதைத்தான் கேட்டுக்கொண்டு வருவோம். இரண்டாவது முறைதான் அவர்கள் சொல்ல விரும்புவது காதில் விழும். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் அவர்களிடம் படித்துக் காட்டவேண்டும். படித்துக் காட்டக் கூசுகிற வரி எதுவோ, அதை அடித்துவிடவேண்டும். கட்டுரையில் அதுவே நல்ல வரியாக இருந்தாலும் அடித்துவிடத்தான் வேண்டும்.

"அந்த மாதிரிப் பெரியவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா சார்? இங்கே பக்கத்திலே?" என்று அவர் கேட்டார். நோட்டுப் புத்தகம் மறுபடி திறந்துகொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அப்பா என்ன வேலையிலே இருந்தார்?" என்று கேட்டேன்.

"அப்பாவா? தந்தி ஆபீஸ்லே, சார். வீடு வீடாத் தந்தி கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. சைக்கிள்லேயே சுத்துவார். தந்தியை நிறுத்தினப்புறம் தபால் பக்கம் மாத்தினாங்க. இப்போ ரிடயர் ஆயிட்டார். அதிலே எழுத என்ன சார் இருக்கு?"

1850-களில் இந்த நாட்டில் வந்த தந்தி, 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. அதைப்பற்றி அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. கடைசி நாளில் ஜனங்கள் ஞாபகார்த்தமாகத் தந்தி கொடுத்துக்கொண்டதையெல்லாம் எழுதின. நான் அவரைக் கேட்டேன்: "தந்தின்னு வாசலிலே குரல் கேட்டாலே அந்தக் காலத்திலே வீட்டிலே அழ ஆரம்பிச்சுடுவாங்க. உங்க அப்பா எத்தனை வாசல்லே அப்படி நின்னிருப்பார்? உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுண்டு நின்னாரா, தெரியாம நின்னாரா? படிக்கத் தெரியாதவங்க 'நீயே படிச்சுச் சொல்லு'ன்னு சொன்னா என்ன செஞ்சார்? ராத்திரி வீட்டுக்கு வந்து எப்படிச் சாப்பிட்டார்?"

அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் கேட்டதே இல்லே சார்" என்றார்.

"கேளுங்க. ஆனா, முதல் தடவை கேக்கறப்போ அந்த நோட்டுப் புத்தகம் வேண்டாம்."

புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "அவர் சொல்லாட்டா?" என்று கேட்டார்.

"சொல்லாட்டா அது கட்டுரை இல்லே. உங்க அப்பாவோடது" என்றேன்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. கட்டுரை எதுவும் கண்ணில் படவில்லை. அவருடைய பால் கணக்கை நினைத்தால் கவலையாக இருக்கிறது. ஆனாலும், அது வராமலே போனாலும் எனக்கு அவ்வளவு வருத்தம் இராது. என் பங்குக்கு, இருபது வருஷத்துக்கு முன் இடம் இல்லை என்று பொய் சொன்ன விஷயத்தை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் ஈயம் பூசின பாத்திரம் இருந்தால், அடுத்த முறை பூசுகிறவரிடம் ஈயக் கட்டையை வாங்கிக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். அழவேண்டும்.